சாவு வீட்டு மோட்டாரும் கருப்பெண்ணெயும்

கேமரன் மலையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், யமனுக்கு அடுத்தபடியாக வந்து சேருகிற ஆள் கருப்பெண்ணெய்தான். சொந்தக்காரன் ஈப்போவிலிருந்து மலை ஏறுவதற்குள், பந்தல் போடுகிறவன் கம்பு தேடுவதற்குள், இவர் வந்து நின்றிருப்பார். கையில் மாலை இருக்காது. ஒரு பழைய பிஸ்கட் டின், ஒரு ஸ்பானா, தோளில் கிழிந்த துண்டு. பிணத்தைப் பார்க்க உள்ளே போகமாட்டார். வீட்டுப் பக்கவாட்டில் நிற்கும் செத்தவருடைய மோட்டாரைப் பார்க்கத்தான் போவார்.

எங்கள் பக்கம் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். அதன் இன்ஜினில் ஊற்றுகிற எண்ணெய்க்குக் கருப்பெண்ணெய் என்று பெயர். அதைத் தன் கையால் மாற்றுவதற்கென்றே பிறவி எடுத்தவர் என்பதால் மனுஷனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைக் கேட்டால், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். தேயிலை ஆலையில் இலை உருட்டும் மிஷினில் அவருக்கு வேலை. அங்கே சம்பளத்துக்கு நின்றாரே தவிர, மனசு முழுக்க ஊரார் மோட்டாருக்கு அடியில்தான் கிடந்தது.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். குளிர்ந்து கிடக்கிற இன்ஜினில் போல்ட்டைக் கழற்றக் கூடாது. "சூடு ஏறாம அவுத்தா அழுக்கு அடியிலயே ஒட்டிக்கும்லா, தம்பி. கொஞ்ச நேரம் ஓடவிடு. எண்ணெ இளகட்டும். அப்புறம் அவுத்துக்கோ." இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பது அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

பிரிஞ்சாங்கில் ஒரு பட்டறையில், மலைக் குளிரில் விறைத்துக் கிடந்த ஒரு மோட்டாரை ஸ்டார்ட் பண்ணாமலே கழற்றுவதை ஒருநாள் பார்த்துவிட்டார். அது அவர் மோட்டார்கூட இல்லை, யாரோ ஒரு வாத்தியாருடையது. பட்டறை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ராபெரி வாங்க வந்த சுற்றுலாக்காரர்களை நிறுத்தி, பாதி மலாய் பாதி தமிழில், உள்ளே ஒரு கொலை நடக்கிறது என்று புகார் சொன்னார். ஒரு குடும்பம் நிஜமாகவே எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. பட்டறைக்காரர் கடைசியில் கதவை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

வடிந்த எண்ணெயைச் சும்மா கொட்டவும் மாட்டார். இரண்டு விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், ஜாதகம் சொல்வார். கோலா தெர்லாவிலிருந்து பெண் வீட்டார் எங்கள் லயத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார்கள். பையனின் மோட்டாருக்கு அன்றைக்கென்று பார்த்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார் இவர். பையனுக்கு வேலை எங்கே என்று அவர்கள் கேட்க, இதோ கூப்பிடு தூரத்தில் ஆலையில் என்று பையனின் அப்பா சொல்ல, கருப்பெண்ணெய் விரலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து, இது கூப்பிடு தூரம் போகிற எண்ணெய் இல்லை, தினமும் மலை ஏறி இறங்குகிற எண்ணெய் என்றார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. பையனுக்குக் கம்போங் ராஜாவில் ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

பெரிய கங்காணி செத்தபோது நடந்ததை இன்றைக்கும் லயத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். பிணம் நடுவீட்டில் கிடக்கிறது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுகிறார்கள். திடீரென்று பக்கவாட்டில் கங்காணியின் மோட்டார் உறுமியது. சைலன்சர் ஓட்டையான அந்த மோட்டாரின் சத்தம் எல்லாருக்கும் அத்துப்படி. அழுகை பட்டென்று நின்றது. கங்காணியின் தம்பி மயங்கி விழுந்தார். கங்காணியம்மா மட்டும் பிணத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவரு கெளம்பிட்டாருடி, சட்டைய எடுத்துக் குடுங்க" என்றார். வெளியே ஓடிப் பார்த்தால் நம்ம ஆள் பிஸ்கட் டின்னோடு குந்தியிருக்கிறார், எண்ணெய் இளகட்டும் என்று. அன்றைக்கு அவருக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமில்லை. பிணம் வாசலைத் தாண்டாமல் இனி மோட்டாரைத் தொடுவதில்லை என்று மாரியம்மன் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு அவர் நடந்து போனாலே ஜனங்களுக்கு உதறல். காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர், தன் மோட்டாருக்குப் பக்கத்தில் கருப்பெண்ணெய் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, போர்வையை உதறி எழுந்து அன்றைக்கே வேலைக்குப் போய்விட்டார்.

ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று ஒருதடவை கேட்டேன். "சாவு வீட்டுக்கு எல்லாரும் சோறு கொண்டாருவாங்க, தம்பி. மோட்டார யாரு பாப்பா? கருமாதி முடிஞ்சா அந்த வீட்டுல ஒருத்தரு வேலைக்கிப் போவணுமில்ல" என்றார். இதிலும் ஒரு கிறுக்கு என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் என் அக்கா வீட்டுக்காரர் செத்தார்.

மாமா தேயிலைக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். கருமாதி முடிந்த கையோடு தோட்டத்து ஆபீஸ் கணக்கர் கிராணி வந்தார். லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை செய்கிறவர் இருக்கிறவரைக்கும்தான் வீடு. அடுத்த மாதப் பெரட்டில், அதாவது காலையில் ஆள் எடுக்கும்போது, இந்த வீட்டிலிருந்து ஒருவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். காலியாக இருந்த வேலை மேல் டிவிஷனில்தான். அங்கே ஆளேற்றும் லோரி போவதில்லை. செங்குத்தான மண் ரோடு. மாமாவின் மோட்டார் ஒன்றுதான் வழி. அக்காவுக்கு ஓட்டத் தெரியும். ஆனால் அவள் அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி, கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டாள். யாரும் தொடக் கூடாதாம்.

கருப்பெண்ணெய் தினமும் வந்தார். இன்னும் மாத்தலையா என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் எட்டாத தூரத்துக்கு ஓடிப்போய், அங்கிருந்து மறுபடியும் கேட்டார். அவள் கொல்லைப்பக்கம் போனபோது எப்படியோ தார்ப்பாயைத் தூக்கி அளவுக் குச்சியை உருவிப் பார்த்துவிட்டு, முகம் செத்துப்போய் என்னிடம் வந்தார். குச்சியில் ஒட்டக்கூட எண்ணெய் இல்லை, இருப்பதும் தார், இதோடு மேல் டிவிஷன் ஏறினால் பாதி மேட்டில் இன்ஜின் ஜாம் ஆகிவிடும் என்றார். மாமா அதற்கென்றே வாங்கிய புது எண்ணெய் பாட்டில், மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது.

நான் அக்காவோடு சண்டை போட்டேன். பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவாய் என்று கத்தினேன். அவள் சொன்னாள்: "எண்ணெய மாத்தட்டும்டா. ஸ்டார்ட் மட்டும் பண்ண வேணாம். தெனமும் சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் தேத்தண்ணிக்கு ஒல வைப்பேன். இப்பக் கேட்டா எனக்குத் தாங்காது."

தொலைந்தது என்று நினைத்தேன். ஓடாத இன்ஜினில் எண்ணெய் இறக்கச் சொன்னால் இந்த மனுஷன் அடிக்க வருவாரே. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் மோட்டாரைச் சுற்றி ஒருதடவை நடந்தார். அப்புறம், கருமாதிக்குச் சோறு வடித்த அண்டா இருக்கிறதா, விறகு இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் பனி விலகுவதற்கு முன்பே வந்து வாசலில் அடுப்பு மூட்டினார். கோணிச்சாக்கைக் கொதிநீரில் முக்கி எடுத்து, வெறுங்கையால் பிழிந்து, இன்ஜினைச் சுற்றிக் கட்டினார். சாக்கு ஆறும். மறுபடி முக்குவார், மறுபடி கட்டுவார். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மோட்டாருக்குக் காய்ச்சலா, ஒத்தடம் கொடுக்கிறீர்களே என்று ஒருத்தன் கேட்டான். இவர் அடுத்த சாக்கை முக்கினார். உள்ளங்கை இரண்டும் வெந்து சிவந்துவிட்டன. அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

வெயில் ஏறினபோது போல்ட்டைக் கழற்றினார். கருகருவென்று எண்ணெய் சொட்டாமல் இழையாக இறங்கியது. பழக்கதோஷத்தில் விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். என்ன சொல்லுது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி" என்று துண்டில் துடைத்துக்கொண்டார்.

மாமா வாங்கிய பாட்டிலைத் திறந்து ஊற்றி, போல்ட்டை இறுக்கி முடித்தார். ஆனால் புது எண்ணெய் உள்ளே சுற்றி வந்த பிறகுதான் அளவு பார்க்க முடியும். அதற்கு இன்ஜினை ஓடவிட்டே ஆக வேண்டும். யாரிடமும் சொல்லாமல், வெந்த கையோடு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினார். காய்கறி லோரிகள் போகும் தார் ரோட்டு வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்து உதைத்தார். வீட்டுக்குக் கேட்காது என்று நினைத்திருக்கிறார் பாவம். காற்றே இல்லாத அந்த நேரத்தில் சத்தம் அப்படியே மேலே ஏறி வந்தது.

வீட்டுக்குள் சின்னவள் எழுந்து ஓடினாள். கதவைத் திறந்துவைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் சரிவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவளைக் கண்டதும் கருப்பெண்ணெய் இன்ஜினை அணைத்துவிட்டு, அடி வாங்கத் தயாராகக் குனிந்துகொண்டார்.

"எண்ணெ சரியா இருக்கா, அண்ணே?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா. சரியா இருக்கு."

"சின்னவ கதவத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கிறா. யாராச்சும் வரணுமில்ல."

மோட்டாரை வாங்கி, ஏறி உட்கார்ந்து, ஒரே உதையில் கிளப்பினாள். நேராக வீட்டைப் பார்த்து மேட்டில் ஏறிப் போனாள். கருப்பெண்ணெய் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, எண்ணெய்த் துண்டாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முகமெல்லாம் கரி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கிராணி சொன்ன பெரட்டில் அக்கா நின்றாள். இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், எண்ணெயும் அவளே மாற்றிக்கொள்கிறாள். நான் இப்போது ஈப்போவில் இருக்கிறேன்; அங்கிருந்து மலை ஏறினால், மோட்டாரை நிறுத்துவதற்குள் கருப்பெண்ணெய் வந்து குச்சியை உருவிப் பார்ப்பார். இதெல்லாம் மோட்டாரா, நீயெல்லாம் மனுஷனா என்று லயமே கேட்கத் திட்டுவார். திட்டட்டும். அந்த மனுஷன் நூறு வருஷம் நல்லா இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும்.