மியூசியத்தில் விட்டுவந்த நேர்த்தித் தேங்காய்

கோட்-டெ-நெய்ஜ்,
மொன்ட்ரியால்.

அன்புள்ள மச்சான் ஆனந்தராசாவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உமது அக்கா நிரஞ்சனியும் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். நீரும் பாரிசில் சுகமாகத்தான் இருப்பீர். வந்த விருந்தாளிகளை மியூசியத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் நித்திரை கொள்பவருக்கு என்ன குறை வரப்போகிறது?

நாங்கள் வந்தது தேருக்கு. என் நெஞ்சைப் பிளந்து தைத்த அன்று, ஆபரேசன் அறை வாசலில் நின்று உமது அக்கா வைத்த நேர்த்தி அது. உங்கள் பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையார் தேருக்கு முன்னால் நான் என் கையால் தேங்காய் உடைக்க வேண்டும். மொன்ட்ரியாலில் பிள்ளையார் இல்லையா என்று நானும் கேட்டேன். அந்த நேரத்தில் தம்பியின் ஊர்தான் வாயில் வந்ததாம். தேரன்று காலையில் நீர், "தேர் வர நேரம் கிடக்கு அத்தான், ஒருக்கா மியூசியத்தைப் பாத்திட்டுப் போங்கோ" என்று ஆலோசனை சொன்னீர். நாங்களும் வேட்டியும் பட்டுச்சேலையுமாக, பையில் தேங்காயோடு போனோம். வாசலில் பையைச் சோதித்த காவலாளி தேங்காயைக் கண்டதும் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். நான் மொன்ட்ரியாலில் இத்தனை வருடம் பழகிய பிரெஞ்சில், இது சாமிக்கு, உடைப்பதற்கு என்று விளக்கினேன். உடைப்பதற்கு என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. பதிலை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தேங்காயைப் பொதிகள் வைக்கும் அறைக்கு அனுப்பி, கையில் ஒரு டோக்கனைத் தந்தார்.

அன்று விரதம், வயிற்றில் பச்சைத் தண்ணீர் மட்டும். முதல் மண்டபம் முழுக்கச் சாப்பாட்டுப் படங்கள்! தோலுரித்த முயல், பன்றித் தொடை, மேசை நிறைய நண்டு. விரதகாரரை அனுப்ப இதைவிடப் பொருத்தமான இடம் உமக்குக் கிடைத்திராது. முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு நடந்த உமது அக்கா, ஒரு மீன் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது பழைய மீனப்பா. கண்ணைப் பாருங்கோ, குழி விழுந்து கிடக்கு. இதைப் போய் ஆரோ மினக்கெட்டுக் கீறியிருக்கினம்."

அதன்பிறகு வழி தவறினோம். எந்த வாசலில் நுழைந்தாலும் உடுப்பில்லாமல் ஒரு வெள்ளைக்காரி படுத்திருந்தார். ஒருவாறு வெளியே வந்தால், பொதி அறைக்கு முன்னால் பெரிய வரிசை. "தேர் போயிடுமப்பா, தேங்காய் அங்கை வாங்குவம்" என்று நிரஞ்சனி என்னை இழுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினார். லாச்சப்பலில் தேர் வீதி சுற்றி முடித்து இருப்புக்கு வந்துவிட்டது. மாநகரசபை ஆட்கள் சிரட்டைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரார் உடைத்த தேங்காய்த் தண்ணீரில் என் வேட்டி நனைந்ததுதான் மிச்சம். விடிந்தால் விமானம்.

இப்போது சாப்பிட்டபின் எனக்கு ஓர் ஏவறை வந்தாலும் உமது அக்கா "தேங்காய்" என்கிறார். பகிடி இல்லை மச்சான், மனுசி உண்மையாகவே பயந்துபோயிருக்கிறார். நான் கண்ணயர்ந்தால் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார். ஆகவே டோக்கனை இத்துடன் வைக்கிறேன். உடனே போய்த் தேங்காயை எடுத்து, என் கைக்குப் பதிலாக உமது கையால் கோயிலில் உடைத்துவிடும். இவ்வளவு காலம் பாரிசில் இருந்தும் நீர் அந்த மியூசியத்துக்குள் கால் வைத்ததில்லை என்று உமது மனைவி றொஷினி சொன்னார். அந்தக் குறையும் தீரட்டும். நான் இனி ஐரோப்பாப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

றொஷினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உமக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
உமது ஆலோசனையால் மெலிந்த அத்தான்,
யோகேந்திரன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நிரஞ்சனி வாசித்துவிட்டு, "என்னத்துக்கப்பா பொய் எழுதுறியள்?" என்று கேட்டார். வழி தவறவில்லைதான். அந்த மீனுக்கு எதிரே இருந்த வாங்கில் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டோம். ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அப்படிப் பயமில்லாமல் இருந்தது அன்றுதான். டோக்கனையும் உறையிலிருந்து எடுத்துவிட்டார். "நேர்த்தி அப்படியே கடனாய்க் கிடக்கட்டும். தனக்குச் சேர வேண்டியதை வாங்காமல் பிள்ளையார் உங்களைக் கூப்பிடமாட்டார்" என்கிறார். ஆகவே தேங்காய்ப் பக்கம் போகாதேயும். அடுத்த தேருக்கும் வருகிறோம். அதையும் தவறவிட வேண்டும், மியூசியத்துக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவையும்.