அகராதியில் அப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அப்பாவை அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்றே பிரம்மச்சாரி ஆக்கியவள் நான்தான்.

அப்போது திருச்சியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் தரவு அகராதி ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். எந்தத் தகவலுக்கு என்ன பொருள், எது எதனோடு சேரும் என்று கணினிக்குச் சொல்லிவைக்கும் பதிவேடு அது. வாடிக்கையாளர்களில் சிலர் தகவல்களை அட்டவணையாக வைத்திருப்பார்கள். சிலர் கிளை பிரியும் மரமாக. சிலர் குறுக்கும் நெடுக்குமான வலையாக. எல்லோருக்கும் என் அகராதி ஒன்றே போதும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். (உள்ளே இருந்தது மரம் மட்டும்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

சோதித்துப் பார்க்க எங்கள் ஸ்ரீரங்கத்துக் குடும்பத்தையே அதில் ஏற்றினேன். அப்பா கல்யாணம் செய்துகொண்டது சொந்த அக்கா மகளை. எங்கள் உறவில் அது சகஜம். ஆனால், தம்பதி என்றால் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்பது நான் வைத்த விதி. அம்மாவோ அப்பாவுக்கு ஒரு வரிசை கீழே இருந்தாள். "ஒரு முரண் நீக்கப்பட்டது" என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. என்னையே மெச்சிக்கொண்டு, வந்த வம்ச மரத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல், அறுபதாம் கல்யாண மண்டபத்தில் வைக்கப் பாலக்கரையில் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு எங்கள் வம்சம் நின்றது. அப்பா பெயருக்குப் பக்கத்தில் "மணமாகாதவர்". அதற்குக் கீழே மகள், அதாவது நான்.

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வேறொரு கிளையில் அவளும் மணமாகாதவளாக இருந்தாள்.

"இத்தனை வருஷமா இந்தாத்துல நான் யாருடி?"

"அம்மா, அது சிஸ்டம் பண்ணினது..." என்று இழுத்தேன். (தப்பு செய்தவர்கள் எல்லோரும் சொல்வது.) அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

மாலையும் கழுத்துமாக வந்த அப்பா, யாரிடமோ மார்க்கர் வாங்கி, தன் பெயரிலிருந்து அம்மா பெயர் வரைக்கும் கோணலாக ஒரு கோடு இழுத்தார்.

"நேரா வரலேன்னா என்ன? வந்து சேர்ந்துடுத்தோன்னோ?"

"ஒரு கோடு போடத் தெரியறதா பாரு," என்றாள் அம்மா. அப்போதுதான் சிரித்தாள்.

அந்தக் கோணல் கோட்டைத்தான் நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். மனிதர்களை ஒரு வரிசையில் நிறுத்திவிட்டு, உறவு அதற்குள் அடங்க வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறேன். பெயரைத் தனியாக, உறவைத் தனியாக எழுதிவைத்தால், அவரவர் வசதிப்படி மரமாகவோ வலையாகவோ பார்த்துக்கொள்ளலாம். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இன்றைக்கும் அகராதியில் எதை மாற்றினாலும் எங்கள் ஆபீசில் முதல் சோதனை என் குடும்பம்தான். போன வாரம் புது வாடிக்கையாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம், உங்க அப்பாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க!"

அவருக்குப் புரையேறியது. நான் திரும்பாமலே சொன்னேன்: "சந்தோஷம். எங்க அம்மாவோடதானான்னு ஒரு தடவை பார்த்துடுங்க."