வழுக்காத டைல்ஸில் வழுக்கியது பற்றிச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். என் வலது முழங்கால் நலமா என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வக்கீல் கட்டளையிட்டிருப்பதால் அதைப் பற்றி எழுதவில்லை. அங்கே அனைவரும் நலமாக இருக்க வேண்டும். என்னோடு பேசாமலிருக்கும் தாங்களும்கூட.

நோட்டீஸில் தங்களை ‘ஈவிரக்கமற்றவர்’ என்று எழுதியது நானல்ல. வக்கீலிடம் கேட்டேன். “நஷ்டஈடு கேட்கிற நோட்டீஸ் எல்லாத்துலயும் அது இருக்கும் சார், பேரை மட்டும்தான் மாத்துவோம்” என்றார். தங்கள் டைல்ஸ் கடையின் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன நோட்டீஸின் நகல் கடைக்கும் வரும், அதைத் தாங்கள் வாடிக்கையாளர்கள் முன்னால் உரக்கப் படிப்பீர்கள் என்று நான் கண்டேனா? வழுக்காத டைல்ஸ் வந்திருக்கிறது என்று என்னை அழைத்து, அதன்மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றி, “ஏறி நில்லுங்க சம்பந்தி, யானை ஏறினாலும் வழுக்காது” என்றது தாங்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்து, “கேஸ் போடுங்க, நம்ம கைக்காசா போகுது, இன்சூரன்ஸ்காரன் குடுக்கட்டும்” என்றதும் தாங்கள்.

நோட்டீஸ் போனதும் செக் வரும் என்று நாம் இருவருமே நம்பினோம். வந்தது கம்பெனியின் விசாரணை அதிகாரி. என் காலைப் பார்க்காமல் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடியதுண்டா என்று கேட்டார். வலி அப்போதே வந்தது என்று எழுதுவதற்காம். பிறகு தங்களிடம் வாக்குமூலம் வாங்க வந்தபோது, தாங்கள் கோபத்தில் “நிக்கத்தான் சொன்னேன், ஒத்தைக் கால்ல யாரு நிக்கச் சொன்னா?” என்றுவிட்டீர்கள். சம்பந்தி, தங்கள் சரக்கின்மேல் எனக்கிருந்த நம்பிக்கையால்தான் மற்றக் காலைத் தூக்கினேன். கம்பெனி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தவறு பெரும்பாலும் என்னுடையது என்று சொல்லி, ஓர் ஊன்றுகோல் வாங்கும் அளவுக்குத் தர முன்வந்தது. வக்கீல் மறுத்து எழுதினார். இரண்டு ஊன்றுகோலுக்கு ஏறினார்கள்.

அடுத்தது சமரசப் பேச்சாம். நாம் தனித்தனி அறையில் உட்கார, நடுவர் ஒருவர் இங்குமங்கும் நடந்து செய்தி சொல்வாராம். இதைத்தான் என் மகள் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாள். “அப்பா, இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால நடக்க முடியாது, என் முழங்கால்தான் போகும்” என்கிறாள். சமரசமும் முறிந்தால் கோர்ட்டு. அங்கே தாங்கள் கூண்டில் நிற்க, என் வக்கீல் ‘ஈவிரக்கமற்றவர்’ என்ற அந்த வார்த்தையைத் தங்கள் முகத்துக்கு நேரே சொல்வார். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்குப் பதில் என் மனைவியோடு செஸ் ஆடுகிறேன். குதிரையை நேராக நகர்த்துகிறாள். தப்பு என்றால், “இதுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்க” என்கிறாள்.

நேரில் வந்து தங்கள் காலில் விழலாமென்றால் முழங்கால் மடங்காது. மூன்றாவது மாடியிலிருந்து என்னால் இறங்கவே முடியாது. (இதை மட்டும் யாரிடமும் சொல்லலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.) நான் நடப்பதைப் படம் பிடிக்கக் கம்பெனி ஆள் ஒருவர் எதிரே காரில் கேமராவோடு காத்திருக்கிறார். தங்களுக்கு எழுதவும் எனக்குத் தடை. எனவே படித்ததும் கிழித்துவிடவும். உரக்கப் படிக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். தங்கள் கடையில் கூட்டம் பெருகட்டும். வருகிறவர்கள் இரண்டு காலிலும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்களுக்கு எதிராக வழக்காடினாலும் தங்கள் பக்கமே இருக்கும்
சம்பந்தி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபால் வண்டி தெருமுனைப் பெட்டியருகே நிற்பது ஜன்னலில் தெரிந்ததும், இன்றே தங்களுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினேன். வண்டி போய்விட்டது. கேமராக்காரர் படம் பிடித்து முடித்துக் காரிலிருந்து இறங்கிக் கைகுலுக்கினார். “ரொம்ப நன்றி சார், கார்லயே உட்கார்ந்து என் முதுகே போயிடுச்சு.” நஷ்டஈடு கேட்கச் சொல்லி என் வக்கீலின் விலாசத்தைக் கொடுத்தேன். ஆகவே நம் வழக்கு முடிந்தது. கடிதத்தை நானே நடந்து கொண்டுவருகிறேன். தாங்கள் இதைப் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பேன். காய்களை அடுக்குங்கள்.