ஆட்சேபணை இல்லை

மளிகைக்கடை அரிகிருஷ்ணன் “காசு வேணாம்” என்று சொன்னபோதுதான் விஷயம் முற்றிவிட்டது என்று அடைக்கலராஜுக்கு உறைத்தது.

பதினான்கு வருஷப் பழக்கம். தராசில் ஒரு புளியங்கொட்டை தவறி விழுந்தாலும் அதையும் எடையில் சேர்த்துவிடுகிற மனுஷர் அரிகிருஷ்ணன். அப்பேர்ப்பட்டவர் துவரம்பருப்புப் பொட்டலத்தை ஒட்டடைக் கொம்பால் கல்லாவுக்கு வெளியே தள்ளிவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்.

“இன்னா அரி, உடம்பு சரியில்லையா?”

“எடுத்துக்கோங்க சார். இன்னும் எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க. கடையாண்ட மட்டும் நிக்காதீங்க.”

ஒரு வியாபாரி காசு வேண்டாம் என்கிறான் என்றால், உங்களையே வேண்டாம் என்கிறான் என்று அர்த்தம். அடைக்கலராஜ் பருப்போடு வீட்டுக்கு நடந்தார். அவர் நடக்க நடக்க, தெருவின் இரண்டு பக்கமும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கோட்டை மலைப் பாறைகள் மட்டும் வெயிலில் அப்படியே உட்கார்ந்து பார்த்தன.

காரணம் அவருக்குத் தெரிந்ததுதான். பேப்பரில் வந்த அந்த விளம்பரம்.

அடைக்கலராஜின் நைனா பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அதனால் மகனுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். பாரிசில் முப்பது வருஷம் கடிதம் பட்டுவாடா செய்தார். அங்கே அவர் ‘இந்தியர்’. ஓய்வு பெற்று, மனைவி பாக்கியத்தின் ஊரான செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவர் ‘பிரான்சு சார்’. ஒவ்வொரு தேர்தலன்றும் டீக்கடையில் எல்லாரும் மை வைத்த விரலை ஆட்டி ஆட்டி அரசியல் பேசுவார்கள். இவர் மட்டும் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வார். அந்தக் கறுப்புப் புள்ளி ஒரு தடவையாவது தன் விரலில் ஏறிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார்.

அது லேசுப்பட்ட காரியமில்லை. தமிழ் தெரியும் என்பதற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கேட்டார்கள். தலைமையாசிரியை ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னார். “வாயப்பயம்” என்றார் இவர். “எங்க ஊர்க்காரரேதான்” என்று அந்தம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். கடைசியில் பத்திரிகை விளம்பரம்: இன்னார் குடியுரிமை கேட்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதித் தெரிவிக்கலாம். வெறும் நாலு வரி. விண்ணப்ப வேலையைக் கவனித்த ஏஜென்ட் பிரசாந்திடம் அரைமணி நேரம் பேரம் பேசி, தன் போட்டோவையும் சுற்றித் தடித்த கட்டத்தையும் அடைக்கலராஜ் இலவசமாகப் போடவைத்தார்.

அது அச்சான அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. பாரிசில் மகள் கீர்த்தனாவுக்குப் பிரசவம். பாக்கியத்தை விமானம் ஏற்றிவிடச் சென்னைக்குப் போயிருந்தார். இடுப்புப் பிடிப்பு வேறு. காரின் பின்சீட்டில் தலைவரை போர்த்திக்கொண்டு படுத்தே போனார். வீட்டைப் பிரிய மனமில்லாமல் பாக்கியம் ஓவென்று அழுதுகொண்டே முன்சீட்டில் ஏறினாள். அங்கேயே தங்கி இடுப்புக்குப் பத்து நாள் வைத்தியம் முடித்து, நேற்று விடிகாலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊரே மாறிக் கிடக்கிறது. டீ மாஸ்டர் இவரைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே போட்டார். வீட்டு கேட்டில் ஒரு வாடின மாலை தொங்கியது. சாயங்காலம் யாரோ வாசலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு ஓடினார்கள்.

பிரசாந்துக்குப் போன் போட்டார்.

“தெருவே என்னை ஒதுக்குதுப்பா. இவ்ளோ நாள் பிரான்சுல வேலை பாத்தவன்னு நெனச்சிருக்காங்க. வெளிநாட்டான்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்குது.”

“டென்ஷன் ஆவாதீங்க சார். ஆனா ஒரே ஒருத்தர் ஆட்சேபணை எழுதினாலும் பைல் தூங்கிடும். விசாரணைக்கு ஆள் வருவாங்க, சொல்லாம கொள்ளாம. அதுக்குள்ள ஜனங்களோட ஒட்டிக்குங்க.”

ஒட்டிக்கொள்வது என்று முடிவானது. மறுநாள் விடியும் முன்பே குளித்து, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

“வசந்தா... வசந்தாம்மா... நான்தான்.”

உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது.

“அமிர்தவல்லி... கதவைத் தெறங்க. ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்.”

உள்ளிருந்து குழந்தை ஒன்று வீறிட்டது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். தெருநாய் மட்டும் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாலாட்டியது. அன்று மத்தியானத்துக்குள் எல்லா வாசலிலும் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. ஏதோ திருவிழா போல, தனக்குத்தான் தகவல் சொல்லவில்லை என்று அடைக்கலராஜ் மனம் நொந்தார்.

நேரில் நின்றால்தான் சங்கடம் என்று, அடுத்த நாள் சர்க்கரைப் பொங்கல் கிண்டி ஓசைப்படாமல் வாசலுக்கு வாசல் வைத்துவிட்டு வந்தார். ஒருவர் தொடவில்லை. காக்கைகூட ஒரு சுற்றுச் சுற்றி யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.

ஆனால் அன்று சாயங்காலம் ஓர் அதிசயம். கேட்டுக்கு வெளியே தலைவாழை இலை. சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, வடை, ஒரு கட்டு வெற்றிலை. எல்லாம் இவருக்குப் பிடித்ததாகப் பார்த்து வைத்திருந்தார்கள்.

பொங்கலுக்குப் பதில் மரியாதை! கண்ணில் நீர் முட்ட, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். எதிர்வீட்டு ஜன்னல் பின்னால் பூக்காரி ரஞ்சிதத்தின் முகம் தெரிந்தது.

“குழம்பு பிரமாதம்மா! நாளைக்கும் இதேதானா?” என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

ரஞ்சிதம் போட்ட அலறல் பக்கத்து ஊர் சிங்கவரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சரியாக உச்சிப்பொழுது. தெருவில் ஈ காக்கை இல்லை. வாசலில் ஓர் ஆள் நின்றார். நெடுநெடுவென்ற உடம்பு, வெள்ளைச் சட்டை, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், கையில் மஞ்சள் பை. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கேட் கிரீச்சிடவே இல்லை.

“பேரு இன்னா? அப்பன் பேரோட சொல்லு.”

எடுத்த எடுப்பில் ஒருமை. இவர்தான் விசாரணை அதிகாரி என்பதற்கு அடைக்கலராஜுக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

“அடைக்கலராஜ், தந்தை பேர் சவரிமுத்து. உள்ள வாங்க சார், மோர் சாப்பிடலாம்.”

“வாசப்படி தாண்ட மாட்டேன். உன் கையால எதையும் வாங்கவும் மாட்டேன்.”

நேர்மையான அதிகாரி! அடைக்கலராஜ் விறைப்பாக நின்றார்.

“குடும்பம்?”

“போயிட்டா சார். நான் மட்டும் திரும்பி வந்துட்டேன்.”

“ஏன் வந்த? அங்கியே போயிடறதுக்கு இன்னா?”

“அங்க எனக்கு இன்னா சார் இருக்குது? பதினாலு வருசமா இதே தெரு. இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னு எழுதியே குடுத்துட்டேன்.”

அதிகாரியின் புருவம் நெளிந்தது. “யாரையாச்சும் புடிச்சு வெச்சிருக்கியா?”

“சத்தியமா இல்ல சார். எம்.எல்.ஏ., கவுன்சிலர் யாரையும் புடிக்கல. நேர் வழிதான்.”

“அப்ப ஒனக்கு இன்னாதான் வேணும்?”

“ஒண்ணும் வேணாம் சார். ஊரோட ஊரா இருந்துக்கறேன். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெரல்ல மை வெச்சா போதும்.”

மை என்றதும் அவர் ஓரடி பின்வாங்கினார். பிறகு வெகுநேரம் இவர் பாதங்களையே உற்றுப் பார்த்தார். அடைக்கலராஜ் கால்விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டார்.

“சத்தியம் பண்ணு.”

இதற்காகத்தானே ஒரு மாதம் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தார்! நெஞ்சில் கைவைத்து, இந்திய அரசியலமைப்புச் சட்டத்துக்கு உண்மையான பற்று கொண்டிருப்பேன் என்று தொடங்கி, குடிமகனின் கடமைகள் வரைக்கும் தங்குதடையில்லாமல் முழங்கினார். அதிகாரி வாய் பிளந்து நின்றார். இப்படியொரு சத்தியத்தை அவர் சர்வீஸில் கேட்டதில்லை போலும்.

“அடையாளத்துக்கு ஒரு முடி குடு.”

மரபணுச் சோதனை வரைக்கும் வந்துவிட்டதா அரசாங்கம்! மிச்சமிருந்த சிலவற்றில் ஒன்றைச் சந்தோஷமாகப் பிடுங்கிக் கொடுத்தார்.

“சரி. ஒனக்கு எடம் உண்டு,” என்றார் அதிகாரி. “ஊர் எல்லையைத் தாண்டாத. கூப்பிடாம யார் ஊட்டு வாசலுக்கும் போவாத. மத்தபடி இருந்துக்கோ.”

போகும்போதும் கேட் கிரீச்சிடவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருமுனைப் புளியமரத்துப் பக்கமிருந்து டொக் டொக்கென்று ஆணி அடிக்கிற சத்தம். கரண்ட்காரர்கள் ஏதோ வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே தெருவில் கதவுகள் திறந்தன. அரிகிருஷ்ணன் தூரத்திலிருந்தே கும்பிட்டார். வசந்தா வாசலில் கோலமே போட்டாள். அடைக்கலராஜ் பாரிசுக்குப் போன் போட்டு, “பாக்கியம், நம்மள ஊரு ஏத்துக்கிச்சுடி!” என்று தழுதழுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எதிர்வீட்டு வாசலில் பேச்சுக்குரல். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கிராமத் தலையாரி கக்கத்தில் கொழுத்த ஒரு பைலோடு நின்றார். பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

“நான் விசாரணை அதிகாரிம்மா,” என்றார் அவர் ரஞ்சிதத்திடம். “எதிர்வீட்டு அடைக்கலராஜ் குடியுரிமை கேட்டிருக்காரு. ஆளு எப்படி? தெருவுல யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

அடைக்கலராஜ் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். இவர் விசாரணை அதிகாரி என்றால், நேற்று வந்தவர்?

ரஞ்சிதம் பூக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: “உயிரோட இருந்தப்பவும் தங்கமானவரு சார், பேப்பர்ல கட்டம் கட்டிப் படம் போட்டதுமே மாலை போட்டு அழுது தீத்துட்டோம், நாலஞ்சு நாளா ஆவியா வந்து கதவத் தட்டிக்கினு இருந்தாரு, நேத்துதான் மலையனூர்லேர்ந்து பேயோட்டியக் கூட்டியாந்து, சத்தியம் வாங்கி, புளியமரத்துல ஆணி அடிச்சு எடம் குடுத்துட்டோம், இனிமே அது எங்க ஊர்ப் பேயி, எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, எழுதிக்கோங்க!”