ரிட்டர்ன் வண்டியில் தனகோட்டி குடும்பம்

ஒரு தாளில் உள்ள தேதியைப் பார்த்தவன் அந்தத் தாளைப் படித்தவன் ஆகிவிடமாட்டான். இந்த உண்மையை நான் 2001-ஆம் ஆண்டு வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பகல் பன்னிரண்டு இருபதுக்கு, கர்நாடக எல்லையிலிருந்த ஒரு சோதனைச்சாவடியில் தெரிந்துகொண்டேன். (நாட்குறிப்பைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில், காலைக் குறிப்புகளுக்குக் கீழே, சாவடி நேரம் மட்டுமே இருக்கிறது. அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.)

மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வாணியம்பாடியில், எங்கள் குலதெய்வக் கோயில் மண்டபத்தில், என் தங்கை ராஜிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரத்தில் மிகவும் கறாரானவர்கள். அவர்கள் அதற்குமுன் பேசிய ஒரு சம்பந்தம், பெண் வீட்டார் நேரத்துக்கு வராததால்தான் முறிந்தது என்று கேள்விப்பட்டிருந்தோம். புனேயை ஒட்டிய கட்கியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் போகவேண்டும். அங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அம்மா, ராஜி, பக்கத்துப் போபோடியில் இருந்த அத்தை, நான். ரயில் டிக்கெட்டோ வியாழக்கிழமை மாலை வரை காத்திருப்போர் பட்டியலிலேயே கிடந்தது.

வாடகை வண்டி கேட்டால், புனேயில் எல்லாரும் இரண்டு வழிக்கும் பணம் கேட்டார்கள். வண்டி காலியாகத் திரும்பவேண்டுமாம். "நாம போறது ஒரு வழி. அவன் வெறும் சீட்டை ஓட்டிகிட்டு வர்றதுக்கு நாம ஏன் குடுக்கணும்?" என்று வீட்டில் கால் மணி நேரம் பேசினேன். நுகர்வோர் உரிமை பற்றி அப்போது நிறையப் படித்துக்கொண்டிருந்தேன்.

போபோடியில் ஓர் இட்லிக் கடை வாசலில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் ஒரு சுமோ நிற்பதைக் கண்டபோது, என் வாதத்துக்குத் தெய்வமே பதில் அனுப்பியது போல் இருந்தது. ஓட்டுநர் செல்வம், திருப்பத்தூர்க்காரர். ஷிர்டிக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தாராம். வழியெல்லாம் வாந்தி எடுத்த அந்த வீட்டு அம்மாள் இனிமேல் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட, அவர்கள் ரயிலில் ஊர் திரும்பிவிட்டார்கள். செல்வம் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். பாதி வாடகைக்கு ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, வண்டி புறப்படுமுன், ஆவணங்களை நான் சோதித்தேன். இன்சூரன்ஸ், தகுதிச் சான்று, மாநில பர்மிட் ஆகிய மூன்றின் கடைசித் தேதிகளையும் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன். "எல்லாம் கரெக்டா இருக்குப்பா" என்றேன். அப்பா பெருமையாகத் தலையசைத்தார். அந்தப் பெருமை சாதாரா வரை நீடித்தது.

சாதாரா தாண்டியதும் பொழுது போகாமல் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். (மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.) பர்மிட்டின் நிபந்தனைக்கு மாறாக வண்டி ஓடினால் இழப்பீடு கிடையாது என்று அதில் இருந்தது. என்ன நிபந்தனை என்று செல்வத்தைக் கேட்டேன். அவர் பர்மிட்டோடு குத்தியிருந்த இன்னொரு தாளைக் காட்டினார். ஷிர்டி போய்த் திரும்பும் பயணிகளின் பெயர்ப்பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே வண்டியில் இருக்கலாம்.

"அப்ப எங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையா?"

"வண்டிக்கு கீது சார். உங்களுக்குத்தான் இல்ல" என்றார் செல்வம், ஆறுதலாக.

அந்தக் கணத்தில் வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கவேண்டும். திருப்பினால் நிச்சயதார்த்தம் போய்விடும். பட்டியலைப் பார்த்தேன். தனகோட்டி, வயது 63. அவர் மனைவி கன்னியம்மா. தங்கை முனியம்மா. மகன் பாபு, 31. பாபுவின் மனைவி தேவி, 24. இரண்டு ஆண், மூன்று பெண். எங்கள் கணக்கும் அதுவே. வயதுகள்கூட ஏறக்குறையப் பொருந்தின. இப்படி ஒரு பொருத்தம் அமைந்தபின் தயங்குவது அறிவீனம் என்று எனக்குத் தோன்றியது.

"எல்லாரும் கவனிங்க" என்று பின்பக்கம் திரும்பிப் பெயர்களைப் பங்கிட்டேன்.

"இன்னாண்ணா, நான் உனக்குப் பொண்டாட்டியா?" என்றாள் ராஜி.

"காகிதத்துல மட்டும்."

"நாளைக்கு நிச்சயத்த வெச்சிகினு பேசுற பேச்சாடா இது?" என்றார் அம்மா.

அத்தை மட்டும் உற்சாகமாக முனியம்மா, முனியம்மா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கோலாப்பூர் வரை ஒத்திகை நடந்தது.

சாவடியில் காக்கி உடுப்பு அணிந்த அதிகாரி ஒருவர் பட்டியலுடன் வந்தார். முதலில் என்னிடம் இந்தியில் பெயர் கேட்டார். "பாபு" என்றேன். ராஜியைக் காட்டி, இது யார் என்றார். "மனைவி" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "நாம்?" என்று பெயரைக் கேட்டார்.

முப்பத்துமூன்று வருடமாக, தினமும் காலையில், தொழிற்சாலை வாசலில் காக்கி போட்ட ஒருவர் அப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

"கோவிந்தசாமி. டோக்கன் நம்பர் நாலு சைபர் ஏழு ரெண்டு. மெஷின் ஷாப், சாப்."

அதிகாரி பட்டியலில் தேடினார். அப்பா அவருக்கு உதவ விரும்பினார். நல்ல இந்தியில், "இவன் என் மகன் மாதவன். இவள் என் மகள் ராஜி. நாளைக்கு இவளுக்கு நிச்சயதார்த்தம்" என்றார்.

அதிகாரி ராஜியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் அப்படிப் பார்த்து நான் அதற்குமுன் கண்டதில்லை. "மகன்," என்றார். "மகள்." கொஞ்சம் நிறுத்தி, "மனைவி?" என்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை, யாரும் கேட்காமலே, "முனியம்மா" என்றார்.

அபராதம் என் கையிலிருந்து போனது. இரண்டு வழி வாடகையைவிட அது அதிகம். வண்டியைச் சாவடியிலேயே பிடித்து வைத்தார்கள். செல்வம், முதலாளி வரும்வரை காத்திருக்க, மரத்தடியில் துண்டை விரித்தார். அந்த அதிகாரி என்னிடம் பேசவில்லை. ஆனால் அப்பாவுக்கு நாற்காலி போட்டார். பெங்களூர் போகும் அரசுப் பேருந்தைத் தானே கை காட்டி நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை மண்டபத்தில் நாங்கள் நுழைந்தபோது மணி பதினொன்று இருபது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளங்களை வண்டியில் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பத் தயாராக நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா, "இன்னா ஆச்சு?" என்றார். பேருந்தில் நான் ஒரு டயர் வெடிப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறக்குமுன் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பட்டியல், பாபு, தேவி, டோக்கன் நம்பர் உட்பட. ராஜி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, "போலீஸ் கேட்டப்பவே பொய் சொல்லத் தெரியல. நம்மகிட்ட இன்னா பொய் சொல்லிடப் போறாரு" என்று தன் மனைவியிடம் சொன்னார். அடுத்த நல்ல நேரத்தைப் பஞ்சாங்கத்தில் தேடச் சொன்னார். தாம்பாளங்கள் மறுபடி இறங்கின.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "பாபு மச்சான், காபி சாப்டீங்களா?" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் பாபுதான். அவர் பிள்ளைகளுக்கு பாபு மாமா. என் உண்மைப் பெயர் அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

2009-இல் அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மருந்து போட வந்த நர்ஸ் அவரிடம் பெயரைக் கேட்டார். அப்பா படுக்கையிலேயே விறைத்துக்கொண்டு பெயர், டோக்கன் நம்பர், மெஷின் ஷாப் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெண் சந்தேகப்படாமல் முழுவதையும் எழுதிக்கொண்டார்.

மைத்துனர் என் தோளைத் தொட்டார். "பாபு மச்சான், கதவுல ஆப்பரேஷன் லிஸ்ட் ஒட்டியிருக்காங்க. மாமா பேரு கீதான்னு பாத்துடுங்க."

எழுந்து போய்ப் பார்த்தேன். முதலில் பெயரை, அப்புறம்தான் தேதியை.