பட்டாபிராமில் மைக் கவர்ந்த படலம்

வாழி யுவராணி! அன்பு, அறம், நியாயம் எனத் தொட்டுக்காட்ட இயலாதவற்றை மனிதர் தம் மூளைக்குள் எப்படிப் பிடித்துவைக்கிறார்கள் என்று பல்லாண்டு ஆராய்ந்த அறிவுக்கடல், மின்சார ரயிலில் மூவர் இருக்கையில் நான்காமவராய் அமர்ந்து பழகிய நெஞ்சுரத்தாள், ஒரு ஞாயிறு மாலை பட்டாபிராம் அடுக்ககத்தில் ஈட்டிய வெற்றியைப் பாடப் புகுந்தோம், நாவே, தடுமாறாதே! இருமலே, சற்றுத் தள்ளி நில்!

நாற்காலி என்றால் என்னவென்று கேட்டால் வாய் பதில் சொல்லும். விடுதலை என்றால் என்னவென்று கேட்டால் கைகளும் சேர்ந்து எழும். இது யுவராணி தன் ஆய்வில் கண்டது. அந்தக் கைகளைப் படம்பிடித்து ஆராய்வதே அவள் தொழில். கல்லூரி மாணவர் கைகள் அலுக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன; ஊரார் கைகள் வேண்டும். கிடைக்காவிட்டால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஆள் திரட்ட, அடுக்ககத்தின் கூட்ட அரங்கில் பேச வந்தாள். ஏழு மணிக்கு அரங்கு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்விடும்.

அந்தோ! அவளுக்கு முன்பே மைக்கைக் கைப்பற்றி நின்றான் சங்கச் செயலாளன் கஜபதி. ஆவடி ஆலையில் போர் டாங்கி செய்து ஓய்வுபெற்ற வல்லவன், வரவேற்புரை என்னும் வற்றா வெள்ளத்துக்கு மதகில்லாதவன். "ஒற்றுமை! நம்ம குடியிருப்போட உயிரே ஒற்றுமை! ஒற்றுமை இல்லேன்னா..." என்று அவன் முழங்க, அரங்கின் மின்விசிறிகளும் அயர்ந்து சுழன்றன. மணி ஆறரையைக் கடந்தது.

யுவராணி முதலில் புன்னகைக் கணையை விடுத்தாள்; அது அவன் மீசையில் பட்டு முறிந்தது. தொண்டையைச் செருமினாள்; அதைக் கைதட்டலாகக் கொண்டு அவன் மேலும் பொங்கினான். முன்வரிசை வனஜா பொறுக்கமாட்டாமல் போர்ச்சங்கு ஊதினாள்:

"இன்னா சார், அந்தம்மாவப் பேச உடுங்க! பலூன் கட்றவன் வாசல்ல வந்து நின்னுகினு கீறான்!"

"ரெண்டே நிமிஷம்மா," என்று அருளினான் கஜபதி.

மைக்கை நோக்கி யுவராணி கை நீட்டினாள். வலக்கையில் இருந்ததை அவன் மின்னலென இடக்கைக்கு மாற்றினான். காலம் கரைந்தது, வீராங்கனையின் நெஞ்சும் கரைந்தது. இத்தனை தூரம் வந்து ஒரு சொல்லும் பேசாமல் திரும்புவதா என்று கண் கலங்கும் வேளையில், அவளது ஆராய்ச்சியே அவளுக்குப் படைக்கலமாய்த் தோன்றியது.

"சார், ஒற்றுமைன்னா என்ன சார்? கொஞ்சம் விளக்குங்களேன்."

"அட, ஒற்றுமைன்னா..." கஜபதியின் வலக்கை எழுந்தது. ஐந்து விரல்களும் விரிந்தன, எதையோ தேடின, துணையின்றித் தவித்தன. ஒற்றைக் கையால் ஒற்றுமையைக் காட்ட எவரால் ஆகும்? "ஏம்மா, இதக் கொஞ்சம் புடி," என்று எதிரியின் கையிலேயே மைக்கை ஈந்து, பத்து விரல்களையும் கோத்துக் காட்டினான். "இதோ, இப்படி!"

"அது இல்ல சார். இப்டி!" வனஜா இரு கைகளாலும் பெருவட்டம் வரைந்தாள். பின்வரிசையிலிருந்து பி பிளாக் ஜஸ்டின் எழுந்து, உள்ளங்கை மேல் உள்ளங்கையை அடுக்கி, "ரெண்டு பேரும் தப்பு," என்றான். ஏ பிளாக் சீறியது. ஒற்றுமை எது என்பதில் மூண்டது பெரும்போர். அரங்கெங்கும் கைகள் காடென எழுந்தன.

"எல்லாரும் கைய அப்படியே வெச்சிருங்க!" மைக்கில் யுவராணியின் குரல் ஒலித்தது. "இப்ப உங்க கையப் பாருங்க. ஒரே சொல்லு, எத்தனை விதம்! கண்ணுக்குத் தெரியாத ஒண்ண எல்லாருமா எனக்கு வரைஞ்சு காட்டுறீங்க. இது எப்படி நடக்குதுன்னுதான் நான் தேடிக்கிட்டிருக்கேன். எனக்கு உங்க கை வேணும்."

போர் ஓய்ந்தது. அவரவர் கையை அவரவர் புதிதாய்ப் பார்த்தனர். கோத்த விரல்களைப் பிரிக்க மனமின்றி நெடுநேரம் நோக்கிய கஜபதி, "மொதல்ல என் பேரப் போட்டுக்கம்மா," என்றான். வனஜா வந்தாள், ஜஸ்டின் வந்தான், ஏ பிளாக் வந்தது, பி பிளாக் வந்தது, பலூன் கட்டுபவனும் வந்தான். பகைவர் படையையே தன் படையாக்கிக்கொண்டு, கூவம் முதல் கொசஸ்தலை ஆறு வரை புகழ் மணக்க, திசை எட்டும் அதிர, வாகை சூடி நின்ற அம்மாதரசியின் கையில், வெற்றிக் கலசமென, ஒரு காகிதக் குவளை வந்து சேர்ந்தது.

டீயில் சர்க்கரை கம்மி.