ஓட்டை போட்ட வாளிகள்

பழுக்கக் காய்ச்சிய கம்பி பிளாஸ்டிக் வாளியின் அடியில் இறங்கியதும் கிளம்பிய நாற்றத்தில், தையல்காரரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"செடி வைக்க ஓட்டை போடறேன். தண்ணி தேங்கினா வேர் அழுகிடும்."

"அது சரி, எந்த வாளியில போடறீங்க?"

"இருக்கறதுலயே கெட்டியான வாளி பார்த்து எடுத்தேன். மூணும் முடிஞ்சுது."

"கெட்டியான வாளிதான். கூரை ஒழுகினா மெஷின் மேல வைக்கிற வாளி!"

தையல்காரர் கம்பியைக் கீழே வைத்தார்.

அவருடைய முன்னறையே கடை. தகரக் கூரையில் ஓட்டை விழுந்திருப்பது சரியாகத் தையல் மெஷினுக்கு மேலே. மெஷினை நகர்த்தலாம் என்றால், அந்த அறையில் நகர்த்த ஒரு சாண் இடம் கிடையாது. போன மழையில் ஒரு கல்யாணக் கோட்டு நனைந்து சாயம் இறங்கியது. இன்னொரு துணி அப்படிப் போனால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

வீட்டு ஓனரோ கூரைப் பேச்சை எடுத்தாலே காது கேட்காதவர் மாதிரி நிற்பார். செடி என்றால் மட்டும் உயிரை விடுவார். நாளைக்கு வந்து கூரையைப் பார்ப்பதாக ஒருவழியாகத் தலையாட்டியிருந்தார். வாசலில் நாலு செடி வைத்துக் காக்கா பிடித்தால் மனுஷன் இளகுவார் என்பது மச்சினனின் யோசனை. தக்காளிச் செடிகளையும் அவனே எங்கிருந்தோ தூக்கிவந்துவிட்டான்.

"அந்தப் பெயின்ட் வாளிக்கு என்ன கேடு?" என்றாள் மனைவி.

"உள்ள பெயின்ட் உரியுது. அதுல காய்ச்ச தக்காளியை உன் தம்பிதான் தின்னணும்."

"சிவப்பு வாளி?"

"வெயில் பட்டுப் பட்டு முட்டை ஓடு மாதிரி ஆயிடுச்சு. மண்ணைப் போட்டா பொளந்துக்கும்."

மறுநாள் காலை, ஓனருக்கு முன்னால் மழை வந்துவிட்டது. மீந்த மண்ணைப் பெயின்ட் வாளியில் கொட்டியிருந்ததால், அவசரத்துக்குச் சிவப்பு வாளியை வைத்தார்கள். பாதி நிறைந்ததும் தையல்காரர் சொன்ன மாதிரியே பொளந்துகொண்டது. சொன்னது பலித்ததில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

"மாமா, செடி வாளியையே உள்ள வைங்க," என்றான் மச்சினன். "மண்ணு தண்ணியைக் குடிச்சிடும்."

மண் குடித்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டு, அவர் அக்கறையாகப் போட்டிருந்த ஓட்டைகள் வழியே சேறாகக் கக்கியது. தைத்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகள் காப்பி நிறமாயின.

"உன் தம்பி வாயைத் தைக்கறதுக்கு ஊசி எங்க?"

"ஓட்டை போட்டது நீங்க. அவனை ஏன் திட்டறீங்க?"

கடைசியில் தையல்காரர் ஒரு பலகையை மெஷினுக்கு மேலே சாய்வாக முட்டுக்கொடுத்து, அதன்மேல் வாளிகளை வரிசையாக வைத்தார். மேலே ஒழுகிய தண்ணீர் செடியில் விழுந்து, மண்ணில் இறங்கி, பலகை வழியாக வாசலுக்கு ஓடியது. செடிகள் அங்கிருந்த எல்லோரையும்விடத் தெம்பாக நின்றன.

அந்த நேரம் பார்த்துக் குடையோடு ஓனர் நுழைந்தார். பின்னால் ஏணியோடு கூரை வேலைக்காரர்.

"ஐயா, இங்கதான் ஒழுகுது..."

"இருப்பா." ஓனர் ஓர் இலையைத் தடவினார். ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். வாளியைப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார். பிறகு வேலைக்காரரை வாசலுக்கு இழுத்துப்போய் ஏதோ கிசுகிசுத்தார்.

திரும்பி வந்து தையல்காரரின் தோளைத் தட்டினார். "கவலையை விடு. செலவைப் பார்க்காம செய்யச் சொல்லிட்டேன்." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

"பார்த்தீங்களா என் தம்பி மூளையை?" என்றாள் மனைவி. தையல்காரர் முதல்முறையாக மச்சினனைப் பார்த்துச் சிரித்தார்.

கூரைமேல் தகரம் அறுபடும் சத்தம் கேட்டது. மழை வலுத்தது.

"அண்ணே, சீக்கிரம் அடைச்சிடுங்க!" என்று கத்தினார் தையல்காரர்.

ஓட்டை வழியாக வேலைக்காரரின் முழு முகமும் தெரிந்தது.

"அடைக்கறதா? செடிக்கு வெயிலும் வேணுமாம், இன்னும் கொஞ்சம் பெருசா அறுக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு."